சுருட்டுக்கடைப் பெண்ணும் துப்பறியும் கதையும்

துப்பறியும் கதையை வெறுப்பவர் மிகச் சிலரே. காய்ச்சலோடு படுத்திருப்பவரும், மறுநாட் பரீட்சைக்கு அஞ்சியிருக்கும் மாணவரும்கூட, கொலையாளி யாரென்று அறியாமல் அத்தகைய புத்தகத்தை மூடிவைக்க மனங்கொள்வதில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரின் நாவல்களைத் தலையணைக்குக் கீழே மறைத்து வைத்துப் படித்த தலைமுறை ஒன்று தமிழரிடையே இருந்தது. அவருக்குப் பின் வந்தோர் ஷெர்லொக் ஹோம்ஸை நாடினர். பெயர்களும் ஊர்களும் மாறினும் இக்கதைகள் யாவும் வாசகனுக்கு ஒரே உறுதியையே அளிக்கின்றன. குற்றம் எத்துணைச் சிக்கலாயினும் கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிப்பட்டே தீரும் என்பது அவ்வுறுதி.

இவ்வுறுதியை உண்மையாகவே நிகழ்ந்த ஒரு கொலையின்மேல் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தவர், துப்பறியும் கதையின் தந்தையென்று போற்றப்படும் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ. அப்பரீட்சையில் தாம் வெற்றி பெற்றதாக அவர் தமது நூலிலேயே அச்சிட்டு வைத்தார். அவர் சொல்லை நம்பிய வாசகரும் பலர். அதை எவ்வளவு தூரம் நம்பலாமென்பதை அறிய, நியூயோர்க் நகரத்து ஆற்றங்கரை ஒன்றுக்கு நாம் செல்ல வேண்டும்.

காணாமற்போன ஞாயிற்றுக்கிழமை

மேரி சிசிலியா றோஜர்ஸ் என்ற இளம்பெண் நியூயோர்க்கின் புரோட்வே வீதியில் ஜோன் அண்டர்சன் என்பவருடைய புகையிலைக் கடையில் வேலை பார்த்தவள். சுருட்டு வாங்கும் ஆடவர் நிறைந்த கடையில் ஒரு பெண்ணை விற்பனைக்கு நிறுத்துவது அக்காலத்தில் புதுமை. கடைக்காரரின் கணக்குப் பிழைக்கவில்லை. மேரியின் அழகைக் காணவென்றே பத்திரிகையாளரும் எழுத்தாளரும் அங்கே கூடினர். ‘அழகிய சுருட்டுக்காரி’ என்பது ஊரார் அவளுக்கு இட்ட பெயர். 1838 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவள் திடீரெனக் காணாமற்போய்ச் சில நாட்களில் திரும்பி வந்தாள். அச்சிறு நிகழ்ச்சியைக்கூடப் பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை.

பின்னர் அவள் கடைவேலையை விட்டு, விதவையான தன் தாய் நாசோ வீதியில் நடத்திய விடுதியில் துணையாக இருந்தாள். அவ்விடுதியில் தங்கியிருந்த டானியேல் பெய்ன் என்ற இளைஞனுக்கும் அவளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. போத்தல்களுக்கான தக்கை வெட்டுவது அவன் தொழில்.

1841 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. காலையில் மேரி பெய்னின் அறைக் கதவருகே நின்று, தான் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிச் சென்றாள். மாலையில் அவளை எதிர்கொண்டு அழைத்துவர வேண்டியவன் பெய்ன். ஆனால் அன்று மாலை பெருமழையும் புயலும் வீசவே, அவள் அத்தை வீட்டிலேயே தங்கிவிடுவாள் என்றெண்ணி அவன் போகவில்லை. மறுநாளும் அவள் வராதபோதுதான் விசாரித்தனர். அத்தை வீட்டுக்கு அவள் போகவேயில்லை. புதன்கிழமை, 28 ஆந் தேதி, ஹட்சன் நதியின் மறுகரையில் நியூ ஜேர்சி மாநிலத்து ஹொபோக்கன் அருகே அவளது சடலம் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. முன்பு அந்த விடுதியில் வசித்தவனும் மேரியின்மேல் அன்பு வைத்திருந்தவனுமான அல்பிரட் குரொமலின் என்பவன் அங்கே வந்து, அது மேரிதான் என்று அடையாளங் காட்டினான்.

மரண விசாரணை நடத்திய வைத்தியர் றிச்சர்ட் குக் கண்டவை கொடியவை. கழுத்தைச் சுற்றிச் சரிகைத் துண்டொன்று சதைக்குள் மறையுமளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது. மணிக்கட்டுகளில் கட்டிய தழும்பு. ஆடையிலிருந்து கிழித்த ஒரு நீண்ட துண்டு, உடலைத் தூக்கிச் செல்வதற்குப் பிடிபோல, இடையைச் சுற்றிப் பின்புறம் முடிச்சிடப்பட்டிருந்தது. பலர் கூடிச் செய்த வன்செயலென்றும், அதற்கு முன்னர் அவள் ஒழுக்கந் தவறாதவள் என்றும் அவர் சாட்சியமளித்தார். கோடைக் கடுமையால் உடலை அங்கேயே அவசரமாகப் புதைத்தனர். பிறகு தோண்டியெடுத்து நியூயோர்க்குக்குக் கொண்டுவந்தபோது, தாய் தன் மகளின் ஆடைகளைக் கொண்டே அவளை அறிய நேர்ந்தது.

இனி யார் விசாரிப்பது? பெண் நியூயோர்க்கைச் சேர்ந்தவள். உடல் கிடைத்ததோ நியூ ஜேர்சியில். இரு மாநிலத்தாரும் பொறுப்பை ஒருவர்மேலொருவர் சுமத்தினர். 1840 இன் குடிசன மதிப்பின்படி மூன்று இலட்சத்துப் பன்னீராயிரம் மக்களைக் கொண்ட அப்பெருநகரில் முறையான பொலிஸ் படையே இருக்கவில்லை. பகலில் சில கொன்ஸ்தாபிள்மார், இரவில் காவற்காரர். கட்டணத்தையும் சன்மானத்தையும் நம்பி உழைத்தவர்கள், பணம் வராத வழக்கில் எத்துணை ஊக்கங்காட்டியிருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

சும்மா இராதவை பத்திரிகைகளே. ஒரு சதத்துக்கு விற்ற மலிவுப் பத்திரிகைகள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘சன்’ 1833 இலும் ‘ஹெரல்ட்’ 1835 இலும் பிறந்தவை. அவற்றுக்கு மேரியின் மரணம் நாள்தோறும் அள்ளிக்கொடுத்த அட்சய பாத்திரமாயிற்று. காலிக் கூட்டமொன்றின் செயல் என்றது ஒரு பத்திரிகை. இறந்தவள் மேரியே அல்லள் என்று வாதாடியது மற்றொன்று. சந்தேகத்தின்பேரில் ஒரு கப்பலோட்டி பிடிக்கப்பட்டு, அன்று தான் வேறிடத்தில் இருந்ததை நிரூபித்து விடுதலையானான். மரத்தில் சித்திரம் செதுக்கும் ஒருவன் பிடிபட்டான். அன்று அவனோடு படகேறியவள் வேறொரு பெண். அவளே உயிரோடு வந்து சாட்சி சொன்னாள்.

ஆகஸ்டு 25 ஆந் தேதி, ஹொபோக்கனுக்கு அப்பால் வீஹோக்கன் அருகே மதுச்சாலை நடத்திய பிரெடெரிக்கா லொஸ் என்ற பெண்ணின் புதல்வர்கள், அங்கிருந்த புதரொன்றில் பெண்ணுடைகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். உள்ளாடை, பட்டுச் சால்வை, குடை, கைக்குட்டை. கைக்குட்டையில் மேரியின் பெயரின் முதலெழுத்துகள். அந்த ஞாயிறன்று கருநிற மேனியனான ஓர் இளைஞனுடன் ஒரு பெண் தன் மதுச்சாலைக்கு வந்ததும், மாலையில் ஓர் அலறல் கேட்டதும் அதன்பின்னரே அம்மாதுக்கு நினைவுக்கு வந்தன! ஒக்டோபரில் பெய்ன் அப்புதரிருந்த பக்கத்துக்குப் போய், அபினிச் சத்துக் கலந்த மருந்தைக் குடித்து, தன் வீணான வாழ்வுக்குக் கடவுளின் மன்னிப்பை வேண்டும் ஒரு குறிப்பையும் விட்டுவிட்டு உயிர் நீத்தான். கொலை நடந்த நாளில் அவன் எங்கிருந்தான் என்பது முன்னரே விசாரிக்கப்பட்டு, அவன் குற்றமற்றவனெனக் கண்டிருந்தனர். அம்மரணத்தோடு வழக்கு அப்படியே நின்றுவிட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு விசாரணை

மேரி இறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான், 1841 ஏப்பிரலில், ‘கிறஹம்ஸ்’ சஞ்சிகையில் போவின் ‘றூ மோர்க் கொலைகள்’ வெளிவந்திருந்தது. புத்தியின் கூர்மையால் மட்டும் குற்றத்தைத் துலக்கும் டியூப்பன் என்ற பாரிஸ் நகரத்தான் அதில் பிறந்தான். துப்பறியும் கதையின் தொடக்கமாக அறிஞர் குறிப்பது அதனையே.

1842 இல் போ பிலடெல்பியாவில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். இளம் மனைவி வேர்ஜீனியா அவ்வாண்டு ஜனவரியில் இரத்தங்கக்கிக் காசநோயில் விழுந்திருந்தாள். சஞ்சிகை ஆசிரியப் பதவியையும் அவர் விட்டுவிட்டார். அந்த ஜூன் மாதத்தில் இரண்டு பத்திரிகை ஆசிரியருக்கு அவர் கடிதம் எழுதினார். மேரி றோஜர்ஸின் கொலையைப் பாரிஸில் நடந்ததாக மாற்றி ஒரு கதை எழுதியிருப்பதாகவும், காலிக் கூட்டத்தின் செயலென்ற பொதுக் கருத்து பிழையென்று அதில் காட்டியிருப்பதாகவும், கொலையாளியையே சுட்டியிருப்பதாகவும் அவற்றில் கூறினார். ஒருவரிடம் கேட்ட விலை ஐம்பது டொலர்; மற்றவரிடம் நாற்பது. இருவரும் வாங்கவில்லை. இறுதியில் ‘லேடீஸ் கொம்பானியன்’ என்ற மாதர் சஞ்சிகை அதனை ஏற்று, மூன்று பகுதிகளாக வெளியிட்டது. ‘மரி றொஜேயின் மர்மம்’ என்பது கதையின் பெயர்.

ஹட்சன் நதி ஸெயின் நதியாயிற்று. சுருட்டுக்கடை வாசனைத் திரவியக் கடையாயிற்று. பெய்ன், குரொமலின், மதுச்சாலைக்காரி ஆகிய யாவரும் பிரெஞ்சுப் பெயர் தரித்தனர். பொலிஸ் அதிபர் ஏழெட்டு மணி நேரம் வழக்கை விவரிக்க, டியூப்பன் பச்சைக் கண்ணாடி அணிந்து நாற்காலியில் சாய்ந்தபடி, பிறர் அறியாமல் உறங்கிவிடுகிறான்! பிறகு பத்திரிகைத் துணுக்குகளைத் திரட்டி வைத்துக்கொண்டு தன் ஆராய்ச்சியைத் தொடங்குகிறான். கதையென்று பார்த்தால் இது போவின் சிறந்த படைப்பன்று. ஒருவரும் எழுந்து ஓரிடத்துக்கும் போவதில்லை; பக்கம் பக்கமாக வாதமே நடக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கையிலெடுப்பவர் பாதியில் வைத்துவிடுவர்.

ஆனால் அவ்வாதங்களிற் சில வெகு நேர்த்தியானவை. நீரில் மூழ்கிய உடல் ஆறு முதல் பத்து நாட்களின் பின்னரே மிதக்கும்; மூன்றாம் நாளில் மிதந்ததால் அது அப்பெண்ணின் உடலன்று என்றது ஒரு பத்திரிகை. நீரின் எடையையும் உடலின் எடையையும் காலநிலையையும் கொண்டு டியூப்பன் அதனைத் தகர்க்கிறான். பலர் கூடிக் கொன்றிருப்பின், உடலைத் தூக்கத் துணியாற் பிடி செய்வானேன்? நால்வர் நான்கு பக்கம் பிடித்தால் போதுமே! பிடி தேவைப்பட்டது தனியொருவனுக்கே.

புதரைப் பற்றிய வாதம் இன்னும் அழகானது. மரப்பட்டை பொறுக்கும் சிறுவர் நாள்தோறும் திரியும் இடத்தில், வீட்டுக்கு அண்மையில், உடைகள் ஒரு மாதம் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தனவாம். பூஞ்சணம் பிடித்திருந்ததும் புல் மூடியிருந்ததும் அதற்குச் சான்றென்றனர். கோடையில் பூஞ்சணம் ஒரே நாளில் படரும். புல் ஒரே நாளில் விரற்கடை வளரும் என்கிறான் டியூப்பன். ஒரு கல்லின்மேல் உள்ளாடை, இன்னொன்றின்மேல் சால்வை என்று அவை பரப்பிவைத்தாற்போல் இருந்ததையும் அவன் கவனிக்கிறான். யாரோ பின்னர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அச்செய்தியை ஆயிரக்கணக்கானோர் படித்திருந்தும், இவ்வாறு கேட்கத் தோன்றியது போவுக்கே. பத்திரிகையில் அச்சான ஒன்றை எப்படிப் படிக்க வேண்டுமென்று மாணவருக்குக் காட்ட இதனினும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கொலையாளி யார்? கடற்படை அதிகாரி ஒருவன் என்கிறான் டியூப்பன். அவள் முதன்முறை காணாமற்போனதற்குக் காரணமானவனே, கப்பற் பயணம் முடித்து மீண்டும் வந்தான்; இருவரும் சென்ற படகைத் தேடிப் பிடித்தால் அவனும் அகப்படுவான். அவ்வளவுதான். அடுத்த அடியில், படகைத் தேடிய விவரங்களைக் காரணஞ் சொல்லாமல் தவிர்த்திருப்பதாகப் பத்திராதிபர் குறிப்பொன்று நிற்கிறது. குறிப்பை எழுதியவரும் போவேதான்! நாற்பது டொலருக்கு விலைபேசிய கொலையாளியின் பெயர் கதையில் எங்கும் இல்லை.

நவம்பரில் வந்த இடி

கதையின் முதலிரு பகுதிகள் 1842 நவம்பர், டிசம்பர் இதழ்களுக்குரியவை. அந்த நவம்பரில் மதுச்சாலைக்காரி லொஸ் தன் மகனொருவனின் துப்பாக்கி தவறி வெடித்ததிற் காயமுற்று மரணப்படுக்கையிற் கிடந்தாள். அவள் இறக்குமுன் உண்மையைக் கூறிவிட்டதாக 18 ஆந் தேதி ‘ட்ரிபியூன்’ பத்திரிகை வெளியிட்டது. மேரி ஓர் இளம் வைத்தியனோடு தன் வீட்டுக்கு வந்தாள். கருவை அழிக்கும் சிகிச்சையின்போது உயிர் துறந்தாள். உடலை ஆற்றில் இட்டு, உடைகளைப் பின்னர் புதரிற் போட்டனர் என்பது அச்செய்தி. அதனைத் தாம் தெரிவித்ததாகக் கூறியது பொய்யென்று நீதவான் மறுத்தார். செய்தி உண்மையாயின், கழுத்தை இறுக்கிய சரிகைக்கும் மரண விசாரணைச் சாட்சியத்துக்கும் விளக்கம் எங்கே என்பதும் கேள்வி. எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொலையென்றே மேலெழுப்பிய போவின் கட்டடம் இச்செய்தியால் ஆடியது. ஜனவரியில் வரவேண்டிய மூன்றாம் பகுதி பெப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. அவர் அதைத் திருத்திக்கொண்டிருந்தார் என்று ஆராய்ச்சியாளர் கருதுவது நியாயமாகவே தோன்றுகிறது. 1845 இல் கதை நூல் வடிவம் பெற்றபோது நிகழ்ந்தது இன்னும் சுவையானது. ஜோன் வோல்ஷ் என்பவர் 1968 இல் வெளியிட்ட நூலொன்றில், சஞ்சிகையிலும் நூலிலும் உள்ள பாடங்களை ஒப்பிட்டு, போ ஆங்காங்கே நுழைத்த சிறு சிறு மாற்றங்களை எடுத்துக்காட்டினார். ஓரிடத்தில் உறுதியான சொல் தளர்கிறது. இன்னோரிடத்தில், புதரில் நடந்த கொலையோடு, மதுச்சாலைக் கூரையின் கீழ் நேர்ந்த விபத்தாகவும் இருக்கலாம் என்ற ஒரு தொடர் புகுகிறது. ஏடுகளின் பாடபேதத்தை ஆராயும் நம் பதிப்பாசிரியர்களுக்கு இது பழகிய வேலை. ஒரு சொல் எங்கே மாறிற்று என்று பார்த்தால், மாற்றியவரின் நெஞ்சும் தெரிந்துவிடும்.

மேலும் ஓர் அடிக்குறிப்பு. நிகழ்ந்த இடத்துக்குத் தொலைவில் இருந்து, பத்திரிகைகளை மட்டும் கொண்டு எழுதிய கதை இது. பிரசுரமாகி நெடுநாட் பின்னர் வெவ்வேறு காலத்தில் இருவர் அளித்த வாக்குமூலங்கள் பொது முடிவை மட்டுமன்றி முக்கிய விவரங்களையும் முழுதும் உறுதிப்படுத்தின என்கிறது அக்குறிப்பு. இருவரில் ஒருத்தி கதையில் வரும் மதுச்சாலைக்காரியாம். நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். அவள் வாக்குமூலம் அளித்ததாகச் சொல்லப்படுவது 1842 நவம்பர். கதை முற்றுப்பெற்றது 1843 பெப்ரவரி. நெடுநாட் பின்னர் என்பது எங்ஙனம் பொருந்தும்? 1848 இல் ஓர் அன்பருக்கு எழுதிய கடிதத்திலும், கடற்படை அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், உறவினர் நலன் கருதி மேலே சொல்ல இயலாது என்றே போ எழுதினார். அப்படி ஒப்புக்கொண்ட அதிகாரி ஒருவனும் எந்தப் பதிவிலும் இல்லை. ஆயினும், மேரியைக் கொன்றவர் போவே என்று பிற்காலத்தில் சிலர் கிளப்பிய கதைக்கும் இம்மியளவு ஆதாரங்கூட இல்லை.

போவுக்குப் பின் வந்தோரும் மெய்க் கொலைகளை விட்டுவைக்கவில்லை. 1860 இல் இங்கிலாந்தில் றோட் என்ற கிராமத்து மாளிகையில் நான்கு வயது நிரம்பாத பாலகன் கொல்லப்பட்டான். ஸ்கொட்லண்ட் யார்டிலிருந்து சென்ற இன்ஸ்பெக்டர் விச்சர், காணாமற்போன இரவு ஆடையொன்றைத் துப்பாகக் கொண்டு, பதினாறு வயதான மூத்த தாரத்து மகள் கொன்ஸ்ரன்ஸ் கென்ரைக் கைதுசெய்தார். நற்குடிப் பெண்ணின்மேல் கைவைத்தாரென ஊரே அவரைத் தூற்றிற்று. 1865 இல் அப்பெண் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மூன்றாண்டின் பின் வில்கி கொலின்ஸ் எழுதிய ‘சந்திரகாந்தக் கல்’ நாவலில், 1799 இல் சீரங்கப்பட்டணத்தில் கொள்ளைபோன வைரத்தைத் தேடும் விசாரணையில், கறைபட்ட இரவு ஆடையொன்று அப்படியே இடம்பெறுகிறது. ஆனால் கொலின்ஸ் மாளிகைக் கொலையைத் துலக்கிவிட்டதாக உரிமை கோரவில்லை. வேண்டிய துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வைரத்தைப் பற்றி எழுதினார். அது விவேகம். 1887 இல் தோன்றிய ஹோம்ஸோ, முதற் கதையிலேயே டியூப்பனை மிகத் தாழ்ந்தவனென்று ஏளனஞ் செய்துவிடுகிறார். கொனன் டொயில் போவிடம் பட்ட கடனை நினைத்தால் அது சற்று அதிகமே.

மேரியின் மரணத்தால் பயன் ஏதேனும் விளைந்ததா என்றால், நகரக் காவலின் சீர்கேட்டைப் பத்திரிகைகள் இடைவிடாது இடித்துரைத்து வந்ததன் பின்னர், 1845 இல் நியூயோர்க்குக்கு முறையான பொலிஸ் படை அமைந்தது. போவின் நூல் வெளியானதும் அவ்வாண்டிலேயே.

அந்நூலில் ‘மரி றொஜேயின் மர்மம்’ முடியும் இடத்தைக் கணிதம் பயிலும் மாணவர் ஒருமுறை பார்க்கவேண்டும். பாரிஸ் கதையின் முடிவை நியூயோர்க் நிகழ்ச்சிக்கு அப்படியே பொருத்த வேண்டாமென்று வாசகரை எச்சரிக்கும் போ, அதற்குத் துணையாகத் தாயக்கட்டையை உருட்டுகிறார். இருமுறை தொடர்ந்து ஆறு விழுந்துவிட்டால், மூன்றாம் முறை விழாதென்று பெரும் பந்தயமே கட்டலாமாம்! முன் விழுந்ததைத் தாயக்கட்டை நினைவில் வைத்திருப்பதில்லை. மூன்றாம் முறையும் ஆறு விழும் வாய்ப்பு முதன்முறை இருந்த அதே அளவுதான். இதை மறுப்பவரின் எண்ணமே பிழையென்று ஆசிரியர் அழுத்திச் சொல்கிறார். அப்பிழைக் கணக்கு, அடிக்குறிப்பைப் போலவே, இன்றைக்கும் பதிப்புக்குப் பதிப்பு மாறாமல் அச்சேறி வருகின்றது.